25 வருஷக் கணக்கு: சோலார் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரகடம் மேம்பாலத்தில் பேருந்து ஏறும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தால், சுற்றியுள்ள தொழிற்சாலைக் கூரைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முன்பு வெறும் தகரமாக வெயிலில் பளபளத்த கூரைகளில் பலவற்றின் மேல் இன்று கருநீலப் பேனல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இதே பகுதியில் அந்தப் பேனல்களைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. பேனலைச் செய்பவர்களும், அதில் வரும் கரண்டை வாங்குபவர்களும் பத்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் இடம் இந்தியாவில் அதிகம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் அப்படி ஓர் இடம்.

தகவல் துறையில் வேலை என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இப்போது முதலிடம் இதற்குத்தான்: "மொட்டை மாடியில சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதாமே, போடலாமா?" ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை. காரணம், நாம் ஒரு பொருளை மட்டும் வாங்குவதில்லை, 25 வருஷத்துக்கு ஓர் ஏற்பாட்டுக்குள் போகிறோம். வெயில் வரும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். வரும் மின்சாரத்தை யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார், விதிகள் நடுவில் மாறுமா, விற்ற கம்பெனி பத்தாவது வருஷத்தில் போனை எடுக்குமா என்பவைதான் கேள்விகள். பல நூறு கோடி போடும் பெரிய முதலீட்டாளர் கேட்பதும் இதைத்தான். அவருக்குக் கணக்குப் பார்க்க ஒரு குழுவே இருக்கிறது. நமக்கு இல்லை. அவர் எப்படி யோசிக்கிறார் என்று தெரிந்துகொண்டால் நம் மாடிக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

முதலீடு ஏன் இங்கே வருகிறது?

விக்ரம் சோலார் நிறுவனம் ஒரகடத்தில் உள்ள இண்டோஸ்பேஸ் தொழிற்பூங்காவில் 2021 ஜூலையில் ஆண்டுக்கு 1.3 கிகாவாட் திறன் கொண்ட பேனல் தொழிற்சாலையைத் தொடங்கியது. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் சுமார் 70 கோடி டாலர் செலவில் கட்டிய 3.3 கிகாவாட் தொழிற்சாலை 2024 ஜனவரி 11 அன்று திறக்கப்பட்டது. நேரடியாக ஆயிரம் பேர் அளவுக்கு வேலை. அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதி நிறுவனம் இந்தத் திட்டத்துக்கு 50 கோடி டாலர் வரை கடன் கொடுத்தது.

இவர்கள் இங்கே வந்ததற்குத் துறைமுகமும் நெடுஞ்சாலையும் பயிற்சி பெற்ற தொழிலாளர்களும் காரணம் என்று வழக்கமாகச் சொல்வோம். உண்மைதான். ஆனால் சோலாருக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பாலிசிலிக்கானில் ஆரம்பித்து முழுப் பேனல் வரை, உலக உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022இல் கணக்கிட்டது. ஒரே கடையை நம்பி வீடு கட்ட முடியுமா? இந்தியா 2022 ஏப்ரல் முதல் வெளிநாட்டுப் பேனலுக்கு 40 சதவீதமும் செல்லுக்கு 25 சதவீதமும் சுங்க வரி விதித்தது. அங்கீகரிக்கப்பட்ட தயாரிப்பாளர் பட்டியலில் உள்ள பேனல்களைத்தான் அரசு சார்ந்த திட்டங்களில் போட வேண்டும் என்ற விதியும் வந்தது. வெளியே இருந்து வாங்குவது கடினமானால் உள்ளே தயாரிப்பவருக்கு வாய்ப்பு. பிள்ளைப்பாக்கம், ஒரகடம் தொழிற்சாலைகளை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

பிள்ளைப்பாக்கத்தில் தயாராவது நாம் மாடிகளில் பார்க்கும் சிலிக்கான் பேனல் இல்லை. கண்ணாடி மேல் காட்மியம் டெலுரைடு என்ற பொருளை மிக மெல்லிய படலமாகப் பூசிச் செய்வது. சிலிக்கான் வேண்டாம் என்பதால் சீனச் சந்தையின் ஏற்ற இறக்கம் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. வெயில் ஏற ஏற எந்தப் பேனலுக்கும் திறன் குறையும். சிலிக்கானுக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும் என்றால் இந்தப் படலப் பேனலுக்கு அதைவிடக் குறைவு. மே மாதத்து ஸ்ரீபெரும்புதூரில் கூரை மேல் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். பேனல் தயாரிப்புக்குத் தூய்மையான தண்ணீர் நிறைய வேண்டும். சென்னையைச் சுற்றித் தண்ணீருக்குப் படும் பாடு நமக்குத் தெரியும். கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் நிலையத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை இப்படிச் சுத்திகரிக்கப்பட்ட நீரைத்தான் நம்பி இயங்குகிறது. ஏரித் தண்ணீரை நம்பிக் கட்டியிருந்தால் 2019 கோடை மாதிரி ஒரு கோடையில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலீட்டாளர் பார்க்கும் முதல் ஐந்து ஆபத்துகளில் தண்ணீர் கண்டிப்பாக இருக்கும்.

வாங்குபவர்கள் பக்கம் வருவோம். உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் தொழிற்சாலை ஒரு யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்கு மேல் கட்டுகிறது. காலையும் மாலையும் உச்ச நேரங்களில் அதன் மேல் 25 சதவீதம் கூடுதல். கேட்புக் கட்டணம் தனி. சொந்தக் கூரை சோலாரில் ஒரு யூனிட் நாலு ரூபாய்ச் சுமாரில் முடிந்துவிடுகிறது. போதாதற்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் நெருக்கடி வேறு. ஆப்பிள் நிறுவனம் தனக்குப் பொருள் தயாரித்துத் தருபவர்கள் 2030க்குள் அந்த வேலை முழுவதையும் தூய்மையான மின்சாரத்தில் செய்ய வேண்டும் என்று கேட்கிறது. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாராகும் கூடத்துக்கு இது வெறும் கோரிக்கை கிடையாது, அடுத்த ஆர்டர். ஐரோப்பிய ஒன்றியமும் இரும்பு, அலுமினியம் போன்ற பொருள்களுக்கு கார்பன் வரிக் கணக்கைத் தொடங்கிவிட்டது.

கூரை போதாதவர்கள் வெளியே போகிறார்கள். ஹூண்டாய் நிறுவனம் 2024இல் ஃபோர்த் பார்ட்னர் எனர்ஜி என்ற நிறுவனத்துடன் சேர்ந்து தமிழ்நாட்டில் 75 மெகாவாட் சோலாரும் 43 மெகாவாட் காற்றாலையும் அமைக்க ஒப்பந்தம் போட்டது. இதில் ஹூண்டாயின் பங்கு 26 சதவீதம். ஏன் சரியாக 26? 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி பயன்படுத்துபவர் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருந்து, உற்பத்தியில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் தாமே பயன்படுத்தினால்தான் அது "சொந்தப் பயன்பாட்டு மின் நிலையம்" ஆகும். அப்படி ஆனால் சில கூடுதல் கட்டணங்கள் இல்லை. ஒரு விதியில் இருக்கும் ஒரு எண்தான் இவ்வளவு பெரிய முதலீட்டின் அமைப்பையே தீர்மானிக்கிறது. அந்த விதி மாறினால்? முதலீட்டாளருக்குத் தூக்கம் வராத இடம் அது.

ஏழு ரூபாயிலிருந்து மூன்றரை ரூபாய்க்கு

தமிழ்நாடு 2012 அக்டோபரில் முதல் சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டபோது 2015க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. அப்போது பலருக்கு அது பெரிய எண்ணாகத் தெரிந்தது. 2025இல் மாநிலத்தின் சூரிய மின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நடுவில் நடந்தவைதான் பாடம்.

ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7.01 ரூபாய் என்று விலை நிர்ணயித்தது. அந்த விலை 2016 மார்ச் 31க்குள் உற்பத்தியைத் தொடங்குபவர்களுக்கு மட்டும். அதற்குப் பிறகு வருபவர்களுக்கு 5.10 ரூபாய். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையத்தை எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள் என்று உலகமே பேசியதே, அந்த அவசரத்துக்குப் பின்னால் இந்தத் தேதியும் இருக்கிறது. 25 வருஷத்துக்கு ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒண்ணே முக்கால் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் என்றால் யார்தான் ராத்திரி பகல் பார்ப்பார்கள்? 2017இல் தமிழ்நாடு 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது விலை 3.47 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1.99.

விலை இறங்கியது மக்களுக்கு நல்லது. ஆனால் இறங்கும் சந்தையில் ஒரு வினோதமான ஆபத்து உண்டு. முன்னால் போனவரின் ஒப்பந்தம் பின்னால் வருபவருக்குக் கண்ணை உறுத்தும். "இன்றைக்கு மூன்று ரூபாய்க்குக் கிடைப்பதற்கு ஏன் ஏழு ரூபாய் கொடுக்க வேண்டும்?" என்ற கேள்வி எந்த அரசுக்கும் வரும். ஆந்திராவில் 2019இல் பழைய ஒப்பந்தங்களின் விலையைத் திரும்பப் பேச முயன்றார்கள். வழக்கு நடந்து 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் ஒப்பந்த விலையையே கொடுக்கச் சொன்னது. நடுவில் போன மூன்று வருஷத்துக்கு வங்கி வட்டி நிற்கவில்லை. இது வளரும் நாடுகளில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயின் நாடே 2010க்குப் பிறகு ஏற்கெனவே கட்டியவர்களுக்குச் சொன்ன விலையைக் குறைத்தது.

பணம் எப்போது வரும் என்பது அடுத்த கவலை. பல மாநிலங்களில் மின் பகிர்மான நிறுவனங்கள் உற்பத்தியாளர்களுக்கு மாதக்கணக்கில் பாக்கி வைத்திருந்தன. தமிழ்நாடும் அதில் விலக்கு இல்லை. அரசு இதழில் இதை எழுதுவானேன் என்று கேட்கலாம். மத்திய அரசு 2022இல் தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்து பழைய பாக்கியைத் தவணைகளில் தீர்க்க வழி செய்ததே இந்த நிலைமையால்தான். மறைக்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில்

இன்னொரு ஆபத்து கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியது. மின்சாரத்தைக் குடத்தில் பிடித்து வைக்க முடியாது. எவ்வளவு உற்பத்தியாகிறதோ அவ்வளவும் அந்த நொடியே யாராவது பயன்படுத்த வேண்டும். ஒரகடம் தொழிற்சாலைகள் ஓடும் செவ்வாய்க்கிழமை மதியம் பிரச்சினை இல்லை. பொங்கலுக்கு நாலு நாள் எல்லாம் மூடிக்கிடக்கும்போது? ஜனவரி வெயில் விடுமுறை எடுப்பதில்லையே.

நம் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. இலங்கையில் 2025 பிப்ரவரி 9ஆம் தேதி நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று செய்தி வந்து எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவை குறைவு, கூரை சோலார் உற்பத்தி அதிகம். அந்த நிலையில் கட்டமைப்புக்கு ஒரு சின்ன இடறலைக்கூடத் தாங்கும் சக்தி இருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, கூரை சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன் வாங்கிப் பேனல் போட்டவர் வெயில் அடிக்கும் நாளில் அதை அணைத்து வைப்பது எப்படி இருக்கும்! வியட்நாமிலும் இதே கதை. நல்ல விலை அறிவித்ததும் இரண்டே வருஷத்தில் 16,000 மெகாவாட்டுக்கு மேல் குவிந்தது. கம்பிகள் அந்த வேகத்தில் வளரவில்லை. உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் உத்தரவுகள் பின்னாலேயே வந்தன.

தமிழ்நாட்டிலும் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது பற்றி வழக்கு நடந்தது. மின்கட்டமைப்பின் பாதுகாப்பு தவிர வேறு காரணத்துக்காகக் குறைக்கச் சொன்னால் இழப்பீடு தர வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நிரந்தரத் தீர்வு சேமிப்பில் இருக்கிறது. கோவை மாவட்டம் காடம்பாறையில் உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் பல வருஷமாக இயங்குகிறது. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் கட்டப்பட்டு வருகிறது. பேட்டரி விலையும் இறங்குகிறது. அதுவரை, பகலில் உற்பத்தியாவதைப் பகலிலேயே பயன்படுத்துபவருக்குத்தான் சோலார் முழு லாபம். இரண்டு ஷிப்ட் பகலில் ஓடும் பட்டறைக்கும், ராத்திரி ஷிப்ட் மட்டும் ஓடும் பட்டறைக்கும் கணக்கு ஒன்றாக வராது.

வாங்குபவர் இருப்பாரா?

ஸ்ரீபெரும்புதூர் ஆட்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதே இல்லை. நோக்கியா தொழிற்சாலை 2006இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் மூடியது. எட்டு வருஷம். அந்தக் கூரையில் யாராவது 25 வருஷ ஒப்பந்தத்தில் சோலார் போட்டிருந்தால், ஒன்பதாவது வருஷத்தில் மின்சாரத்தை யாரிடம் விற்றிருப்பார்? அந்த இடத்தில் பிறகு வேறு நிறுவனம் வந்தது என்பது வேறு விஷயம். இடையில் பல வருஷம் கூரைக்குக் கீழே இருட்டு.

இது பெரிய கம்பெனிக்கு மட்டுமான கவலை இல்லை. கார் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறை முதலாளியிடம் இப்போது ஒரு திட்டத்தோடு வருகிறார்கள்: "நீங்க ஒரு பைசா போட வேண்டாம். பேனல் எங்களுது. யூனிட்டுக்கு இவ்வளவுன்னு எங்களுக்குக் கொடுங்க." கேட்க நன்றாக இருக்கிறது, பல இடங்களில் நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் 15 வருஷம், 20 வருஷம் என்று இருக்கும். பட்டறைக்கு வரும் ஆர்டர் மூன்று வருஷத்துக்கு மட்டும் இருக்கலாம். ஷெட் வாடகையாக இருந்தால் குத்தகை ஐந்து வருஷம். நடுவில் ஷெட்டைக் காலி செய்தால் பேனல்களை யார் கழற்றுவது, என்ன தண்டம் கட்டுவது என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். பேனலும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு பத்துப் பதினைந்து கிலோ எடை, அதன் மேல் புயல் காற்று. 2016இல் வர்தா, 2023இல் மிக்ஜாம் என்று இரண்டைப் பார்த்துவிட்டோம். கட்டடப் பொறியாளர் ஒருவரின் சான்று இல்லாமல் ஏற்றக் கூடாது.

கட்டண விதியும் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு நிகர அளவீடு, அதாவது போனதையும் வந்ததையும் யூனிட்டுக்கு யூனிட் கழிப்பது. தொழிற்சாலைகளுக்கு அப்படி இல்லை. அவர்கள் கட்டமைப்புக்குள் அனுப்பும் மின்சாரத்துக்குத் தனியாக, குறைந்த விலை. அதோடு நெட்வொர்க் கட்டணமும் உண்டு. சொந்தக் கூரையில் எடுத்த கரண்டுக்குக் கட்டணமா என்று சிறு தொழில் சங்கங்கள் கேட்டன. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இதில் 50 சதவீதத்தைக் குறைப்பதாக அரசு 2023இல் அறிவித்தது. கம்பியையும் மின்மாற்றியையும் பராமரிக்கும் செலவை யாராவது ஏற்கத்தானே வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. எனக்குத் தோன்றுவது, கட்டணம் எவ்வளவு என்பதைவிட அது எத்தனை வருஷத்துக்கு மாறாமல் இருக்கும் என்பதுதான் பட்டறைக்காரருக்கு முக்கியம்.

டாலர் பற்றி ஒரு வரி. கடனை டாலரில் வாங்கி, மின்சாரத்தை ரூபாயில் விற்பவருக்கு ரூபாய் சரியும் ஒவ்வொரு முறையும் கடன் ஏறும். வீட்டுக்காரருக்கு நேரடியாக இது இல்லை, ஆனால் பேனல் விலை வழியாக வந்து சேரும்.

சரி, நம் மாடிக்கு வருவோம்

ஒரு கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். நம் பகுதி வெயிலுக்கு அது நாளொன்றுக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 700 யூனிட். போட்டு முடிக்க இரண்டு லட்சம் ரூபாயை ஒட்டி ஆகும். பிரதமரின் சூரிய கர் திட்டத்தில் மத்திய அரசு மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய். மிச்சம் நம் கையிலிருந்து 1,20,000 சுமார். பொதுத்துறை வங்கிகள் இதற்குப் பிணையில்லாமல் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன.

இப்போது பில்லைப் பாருங்கள். 2024 ஜூலைக் கட்டண விகிதப்படி இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு பில் சுமார் 3,900 ரூபாய். அது முழுவதும் மிச்சமானால் வருஷத்துக்கு 23,000 ரூபாய்க்கு மேல். போட்ட பணம் ஐந்தாறு வருஷத்தில் திரும்பிவிடும், பிறகு வருவதெல்லாம் லாபம். அதே விகிதத்தில் 200 யூனிட் மட்டும் ஓட்டும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம் போக பில் 300 ரூபாயைக்கூடத் தொடாது. இந்த வீடு ஒரு கிலோவாட் போட்டு, மானியம் போகக் கையிலிருந்து 40,000 செலவழித்தால் வருஷத்துக்கு மிச்சம் 1,800க்குள். இருபது வருஷம் ஆனாலும் போட்ட காசு வராது. விற்பனைப் பிரதிநிதி இதைச் சொல்ல மாட்டார்.

நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு சூட்சுமம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி மானியம் போய், மேல்படிக்கு எட்டரை ரூபாய், ஒன்பதரை ரூபாய் என்று ஏறும். 560 யூனிட் வரும் வீட்டில் ஒரு கிலோவாட் போட்டால் 320க்கு இறங்கிவிடும். மூன்று கிலோவாட் தேவையே இல்லை. ஆகவே முதல் வேலை, கடந்த ஆறு பில்களை எடுத்து வைத்துப் பார்ப்பது. எங்கள் வீட்டில் அதைச் செய்த பிறகுதான் ஏப்ரல்–மே பில் மட்டும் எகிறுகிறது, மற்றதெல்லாம் சாதாரணம் என்று தெரிந்தது. மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டும் பார்த்தோம். மூன்று கிலோவாட் ஆசை ஒன்றரையாகக் குறைந்தது.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: மின்தடையில் இந்த சோலார் வேலை செய்யாது. உச்சி வெயிலில் கரண்ட் போனாலும் வீடு இருட்டுதான். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியருக்கு நம் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரி சேர்த்தால் ஓடும், செலவும் சேரும். "கரண்ட் கட்டே தெரியாது" என்று யாராவது விற்றால் பேட்டரி விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

மானியம் வேண்டுமென்றால் செல்லும் பேனலும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல் உள்ள பேனல் விலை குறைவாகத் தெரியும், மானியம் கிடைக்காது. பேனலுக்கு 25 வருஷத் திறன் உத்தரவாதம் தருவார்கள். இன்வெர்ட்டர் அவ்வளவு நாள் வராது, நடுவில் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும், அதற்கும் இப்போதே பணம் ஒதுக்கி வையுங்கள். லாரிகள் ஓடும் ஒரகடம் சாலையோர வீடுகளில் புழுதி சீக்கிரம் படியும். அதிகாலையில் பேனல் சூடேறும் முன் துடையுங்கள். உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் வெள்ளைத் திட்டு படியும், கடைசியில் ஒரு முறையாவது நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் வழித்துவிட வேண்டும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியில் வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் இல்லையென்றாலும் பெரும் எண்ணிக்கையினர் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் இருப்பவர்கள். அவர்களுக்கு மாடி கிடையாது. இந்த மானியம் அவர்கள் கைக்குப் போவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மோட்டார், லிப்ட், பொது விளக்கு போன்றவற்றுக்குக் குடியிருப்போர் சங்கம் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியத்தில் 500 கிலோவாட் வரை போடலாம். அங்கே வாடகைக்கு இருப்பவருக்குப் பராமரிப்புக் கட்டணத்தில் கொஞ்சம் குறையலாம், சங்கம் மனது வைத்தால்.

விண்ணப்பிக்கும் முறை

பிரதமரின் சூரிய கர் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள், ஐந்து வருஷப் பராமரிப்பு அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மானியம் முன்கூட்டியே வராது. பொருத்தி, இருவழி மீட்டர் வைத்து, ஆய்வு முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். உங்கள் இணைப்புக்குப் பொருந்தும் நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு, மிஞ்சிய யூனிட்டுகளின் கணக்கு எந்த மாதம் முடிக்கப்படும் என்ற இரண்டையும் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இருவழி மீட்டர் மாட்டும் வரை சோலாரை ஆன் செய்யாதீர்கள். சில பழைய மின்னணு மீட்டர்கள் நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகவே எண்ணிவிடும். மீட்டர் தாமதமானால் மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைத்துப் புகார் எண் வாங்கலாம். திட்டம் பற்றிய சந்தேகங்களுக்கு தேசிய உதவி எண் 15555.